எழுபத்திரண்டு

கணக்குப் பிரிவில் இடமில்லை,
உயிரியலுக்கு மார்க் எட்டவில்லை.
மிச்சம் இருந்தது செவிலியம்.

பதினொன்று ‘ஈ’, முப்பத்து நாலு பேர்.
ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று,
இடக்கை கழன்ற பொம்மை ஒன்று.
பொம்மைக்கு நூர்நிஷா வைத்த பெயர் மாப்பிள்ளை.
மாப்பிள்ளையைக் குளிப்பாட்டினோம், புரட்டினோம்,
புண் வந்துவிடாமல் முதுகு தேய்த்தோம்.
ஊசிக்கு மட்டும் அவர் தோல் இடம் கொடுக்கவில்லை;
ஆளுக்கொரு கத்தரிக்காய் கொண்டுவரச் சொன்னார்கள்.
வெறும் தண்ணீர்தான் ஏற்றினேன்.
அந்தக் காயை ராத்திரி
குழம்பில் பார்த்தேன்.

ஜனவரியில் பதினைந்து நாள்
காரைக்குடி பெரிய ஆஸ்பத்திரி.
புதுவயலில் ஏறினால்
நெல் அவியும் வாசனை
வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு
கண்டனூர் வரை கூடவே வரும்.
டிக்கெட் இல்லாத பஸ்,
உட்கார இடமும் இல்லாத பஸ்.

ஆண்கள் வார்டு. ஒன்பதாம் கட்டில்.
உடையப்பன், நாற்பத்தாறு.
ஆலையில் மூட்டை தூக்குகிறவர்.
இரும்புக் கொக்கி குதிகாலைக் கிழித்திருந்தது.

பெருவிரலால் நாடி பிடிக்காதே,
உன்னுடையதையே எண்ணிக்கொண்டிருப்பாய்
என்று பாடத்தில் இருக்கிறது.
மூன்று விரல் வைத்தேன்.
காய்ப்பேறிய மணிக்கட்டு, சாக்குத் துணி மாதிரி.
அழுத்தினேன். இல்லை.
தளர்த்தினேன். இல்லை.
நூர்நிஷா நாலு கட்டில் முடித்துவிட்டாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்து
எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

பத்தாம் கட்டிலுக்கும் எழுபத்திரண்டு.
பதினொன்றுக்கும்.
சந்தேகம் வராமலிருக்கப்
பன்னிரண்டாம் கட்டிலுக்கு எழுபத்து நான்கு.
யாரும் கேட்கவில்லை.

இரவு ரெக்கார்டு நோட்டில் நகல் எடுக்கும்போது
எனக்கே கண்ணில் பட்டது.
ஒன்பதாம் கட்டில்: காய்ச்சல் நூற்று மூன்று.
அதைத் தெர்மாமீட்டர் சொன்னது,
அதனால் அது நிஜம்.
பக்கத்தில் என் எழுபத்திரண்டு
கல்யாண வீட்டு வாசலில்
கூப்பிடாமல் வந்து நிற்கிறவன் போல.
காய்ச்சல் ஏறினால் நாடியும் ஏறும்,
இரண்டு மார்க் கேள்வி,
போன பரீட்சையில் சரியாக எழுதியிருந்தேன்.

ஆலைச் சங்கு ஊதும்வரை விழித்திருந்தேன்.
முதல் பஸ். வார்டில் பாதி விளக்கு.
அவர் தூங்குகிறார், வாய் திறந்திருக்கிறது.
விரலை வைத்தேன், அழுத்தாமல்,
சும்மா வைத்தேன்.
வந்தது.
ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்.
நம்பாமல் இன்னொரு நிமிடம்.
நூற்றுப் பதினெட்டு.

தப்பை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து,
அடியில் இருக்கிற தப்பு தெரிய வேண்டும்.
நாலு கோடு போட்டேன்.
நாலு தடவை
ம. செண்பகவல்லி, ம. செண்பகவல்லி.
டியூட்டி சிஸ்டரிடம் கொண்டுபோனேன்.
வாங்கிப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை, கட்டிலுக்குப் போனார்,
தானே எண்ணினார்,
கட்டைப் பிரித்து முகர்ந்தார்,
டாக்டருக்குப் போன் போட்டார்.
திரும்பி வரும்போது சொன்னது இவ்வளவுதான்:
“அஞ்சாம் கட்டில் விரிப்பு நனைஞ்சிருக்கு, மாத்து.”
மாற்றினேன்.
மூலை நாற்பத்தைந்து டிகிரிக்கு வரவில்லை,
கை நடுங்கியது.

மத்தியானம் தூக்குவாளியோடு வந்த அவர் மனைவி
வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.
“எப்படி இருக்காரு, நர்சம்மா?”
யாரைக் கேட்கிறாள் என்று
பின்னால் ஒரு தடவை பார்த்தேன்.
சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்:
“எண்ணியிருக்கேன்க்கா.”

பிப்ரவரியில் ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்தது.
சிவப்பு மையில்:
அடித்தல் திருத்தல் உள்ளது.
இரண்டு மதிப்பெண் குறைவு.
நூர்நிஷா நோட்டு சுத்தம், முழு மார்க்.
அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.